முகூர்த்தத்துக்கு நின்ற சண்டை

— ரெண்டு எஞ்சினா? ஒரு கல்யாணத்துக்கு எதுக்குப்பா ரெண்டு?

— அதாலதான் சண்டையே வந்தது, கார்மேகம் அண்ணை.

— சிவகுரு, மொதல்லருந்து சொல்லு. ரெண்டு மாச லீவு வாங்கிட்டு மாப்பிள்ளையா ஊருக்குப் போனவன், பாதியில இந்த அரபு நாட்டு ருவைஸ் கேம்புக்குத் திரும்பி வந்து நிக்கிற. கேம்ப் பாஸ் மப்ரூக் மப்ரூக்னு கையக் குலுக்குறான். நீ பேயறஞ்ச மாதிரி முழிக்கிற.

— யாழ்ப்பாணத்திலை இந்த எண்பத்தாறிலை கரண்டை நம்பேலாது. பொம்பிளை வீட்டுக்கு லைட் எஞ்சின் வேணும். ஒரு இயக்கப் பெடியள் வந்து, எங்கட எஞ்சினைத் தாறம் எண்டிருக்கிறாங்கள். மாமா தியாகராசா தலையாட்டிப் போட்டார். பின்னேரம் மற்ற இயக்கம் வந்து அதையே சொல்லியிருக்கு. அவைக்கும் தலையாட்டிப் போட்டார்.

— ஒருத்தன்கிட்டயாவது வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?

— என்னெண்டு சொல்லுறது? ரெண்டு பேரிட்டையும் துவக்கு.

— துவக்கா?

— துப்பாக்கி, அண்ணை.

— அட ஆத்தி. ரெண்டும் தமிழ்ப் பயலுகதான? ரெண்டும் ஆமியத்தான எதுக்குறானுக?

— ஓம். ஆமி காம்ப் அங்காலை கிட்டத்தான் கிடக்கு. அண்டைக்கு ஆமியை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. ஒரு எஞ்சின் முன் கேற்றடியிலை, மற்றது பின்னாலை கிணத்தடியிலை. எந்த வயரைப் பந்தலுக்குக் கொழுவுறது எண்டு வாய்த்தர்க்கம். விடிய வெடி தொடங்கிட்டுது. முன்னுக்கு ஒரு இயக்கம், பின்னுக்கு மற்றது. நடுவிலை நாங்கள், மணவறை, சாம்பார்க் கிடாரம்.

— ஒந்தம்பி மகேசனும் எதோ ஒரு இயக்கத்துலதான இருந்தான்?

— கிணத்தடி இயக்கம். எனக்கு மாப்பிள்ளைத் தோழனா நிக்க வேண்டியவன், வாழைக்குப் பின்னாலை படுத்திருந்து, குனி குனி எண்டு கை காட்டுறான்.

— வெளங்குன மாதிரித்தான். நீ என்ன செஞ்ச?

— ஐயர் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சிட்டார். முகூர்த்தம் தப்பப் போகுது. நான் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமா முத்தத்திலை இறங்கி, ரெண்டு கையையும் உயர்த்திப் போட்டு, தம்பியவை, தாலி கட்டுமட்டும் நிப்பாட்டுங்கோ எண்டு கத்தினன். கை ரெண்டும் மேலை. வேட்டி அவிண்டு போச்சுது. ஆரோ சிரிச்சாங்கள். வெடி நிண்டிட்டுது.

— நெசமாவா?

— பாருங்கோ, அதுக்கும் ஒரு நிபந்தனை. ஐயர் கடைசி மந்திரம் சொல்லி முடிக்குமட்டும்தான். ஐயருக்கு அது விளங்கிட்டுது. தாலி ஏறின பிறகும் மனுசன் மந்திரத்தை விடுறாரில்லை! புது வீடு குடிபூரலுக்குச் சொல்லுறது, காதுகுத்துக்குச் சொல்லுறது, தெரிஞ்சது எல்லாத்தையும் சொல்லுறார். அதுக்கிடையிலை மாமி பந்தி வைச்சிட்டா. ரெண்டு இயக்கமும் ஒரே பந்தியிலை, மடியிலை துவக்கோடை. மகேசன் சாப்பிட இருக்க முந்தி என்னட்டை வந்து, அண்ணை, சந்தோசமா இருங்கோ எண்டான். அப்பளத்துக்கு ஆளாளுக்குக் கை நீட்டுறாங்கள். இனிச் சண்டை வராது எண்டுதான் நினைச்சன்.

— வயிறு நெறஞ்சா கோவம் எறங்கிரும்ல.

— ஐயருக்குத் தொண்டை அடைச்சுப் போச்சுது.

— ஐயையோ!

— முதல் ஒரு வெடி. மகேசன் சாப்பாட்டிலை முகங்குப்புற விழுந்தான். பிறகு எல்லாப் பக்கத்தாலையும் வெடி. சத்தம் கேட்டு ஆமியின்ரை ஹெலி வர, ரெண்டு இயக்கமும் ஒரே உழவு மெசினிலை ஏறி ஓடினவை.

— அட கூறுகெட்ட பயலுகளா. தம்பிக்கு என்னாச்சு?

— தோளிலை பட்டது. உயிருக்கு ஒண்டுமில்லை. படகிலை ஏத்தி உங்கட மண்டபம் பக்கம் அனுப்பிட்டம்.

— மண்டபமா? எங்க பரமக்குடிலருந்து ஒரு பஸ்ஸுதான. எம் பொண்டாட்டி சரோஜாவ சோறாக்கிக் கொண்டுபோய்ப் பாக்கச் சொல்றேன். அழுவாதப்பா. பொழச்சிட்டான்ல? ஆனா ஒன்னு, தாலி கட்டுன புள்ள நளினிய அங்கனயே விட்டுட்டு வந்தது தப்பு. சின்னப் புள்ள, எப்படிப் பயந்திருக்கும்!

— அவ பயப்பிடேல்லை, அண்ணை.

— பந்தியில ஆளு சாஞ்சா யாருக்குத்தான் பயம் வராது? மொதல்ல சுட்டது யாருன்னாவது தெரிஞ்சுச்சா? முன்பக்கத்துப் பயலா?

— முன்பக்கத்து ஆள்தான். அந்த இயக்கத்து ஆள் எண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மணவறையிலை, கூறைச்சேலையோடை, என்ரை பக்கத்திலை இருந்தவ.