பொன்னி பிழைப்பாளா

ஹலோ... ஏங்க, நான்தான், சியாமளா. உடனே கிளம்பி வாங்க... லேப் வேலை இருக்கட்டும்ங்க. நம்ம நளினி ஸ்கூலுக்குப் போகல... ஆமா, ஆமா, காலைல பையை மாட்டிக்கிட்டுத்தான் கிளம்பினா. இப்பத்தான் அங்கேர்ந்து போன் வந்தது...

இல்லங்க, சிநேகிதி வீட்டுல இல்ல. எங்க போயிருப்பான்னு எனக்குத் தெரியும். ஆத்துக்கு... நம்ம தெருக்கோடி ஆறுதான். கொடிக்கயிறைக் காணோம், டார்ச்சைக் காணோம், முறுக்கு டப்பாவும் இல்ல...

எல்லாம் என் கதையில வர்றதுங்க... அதான், மெட்ராஸ் பத்திரிகைக்கு எழுதறேனே, சிறுவர் தொடர். அதுல பொன்னின்னு ஒரு பொண்ணு இதெல்லாம் எடுத்துக்கிட்டு ஐஸ் மேல நடந்து அக்கரையில இருக்கற லவால் ஊருக்குப் போறா...

கத்தாதீங்க. மெட்ராஸ்ல எந்தப் பிள்ளைக்கு உறைஞ்ச ஆறு இருக்கு? படிச்சுட்டு வாயைப் பிளக்கும், அவ்வளவுதானேன்னு எழுதிட்டேன். நம்ம வீட்டுல ஒருத்தி இருக்காளேன்னு எனக்குத் தோணலைங்க...

ஆமா, மார்ச் கடைசிதான், ஐஸ் உருகற நேரம். மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். நடுவுல கறுப்பாத் தெரியுது, அது தண்ணிதான். எனக்குப் பயமா இருக்கு...

அடுத்து பொன்னி என்ன பண்றாளா?... தெரியாதுங்க. இன்னும் எழுதலை. காலடியில ஐஸ் விரிசல் விடற சத்தத்தோட 'தொடரும்' போட்டுட்டேன். நேத்து சாப்பிடறப்போ, "அவ பிழைப்பாளாம்மா, எனக்கு மட்டும் சொல்லேன்"னு கெஞ்சினா. சொல்ல மாட்டேன்டின்னு சிரிச்சேன். சிரிச்சேங்க...

இல்ல, அழலை. போலீஸுக்கு நீங்களே பேசுங்க, அவங்க பிரெஞ்சுல கேட்டா எனக்குப் பேச வராது. நான் ஆத்தங்கரைக்கு ஓடறேன்... எப்படிங்க சும்மா வீட்டுல உக்கார்றது? பூட்ஸ் போட்டாச்சு...

இருங்க. இருங்க. கீழ கதவுச் சத்தம்.

நளினியா?

நளினிதாங்க. வந்துட்டா... ஆமா, ஆமா, முழுசாத்தான் இருக்கா. இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருக்கு. ஒரு பூட்ஸைக் காணோம், பல்லு தந்தி அடிக்குது...

வாடி இங்க. எங்கடி போனே?... என்ன?... திரும்பச் சொல்லு...

ஏங்க... இருக்கேன், இருக்கேன். அடிக்கக் கையை ஓங்கிட்டேன். அவ சொல்றா, "எழுதிக்கோம்மா. ஐஸ் விரிசல் விட்டா பொன்னி எழுந்து ஓடக்கூடாது. அவ குப்புறப் படுத்து, ஊர்ந்து ஊர்ந்துதான் வீட்டுக்கு வந்தா"ங்கறா...

வாங்க சீக்கிரம். வைக்கறேன், இவளைக் கம்பளியில சுத்தணும்.