பதினான்காவது முன்னுரிமை

எங்கள் வீட்டில் மளிகைப் பட்டியல் எழுதுவது நான்தான். சீக்கிரம் தீர்ந்துபோவது மேலே, வந்தால் வரட்டும் என்பது கீழே, நடுவில் ஒரு கோடு. "இதைக் கடையில கொடுக்க மனசே வரல, சட்டம் போட்டு மாட்டிடலாம்" என்பாள் என் மனைவி. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். கேலியையும் பாராட்டையும் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் தடுமாற்றம் உண்டு, ஐயா.

நகராட்சி அலுவலகத்தில் நான் திட்டப் பிரிவுக் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் புது மன்றம் வரும். வந்ததும் 'அடுத்த ஐந்தாண்டுக்கான முன்னுரிமைகள்' என்று ஒரு புத்தகம் வெளியிடும். அதை எழுதுகிறவன் நான். இதுவரை ஐந்து எழுதியிருக்கிறேன். முதல் நான்கிலும் முன்னுரை ஒன்றுதான், தலைவர் பெயரை மட்டும் மாற்றினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்று அதிலேயே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

ஐந்தாவதுக்கு மட்டும் புதிதாக எழுதினேன். அதுதான் வினை.

புதுத் தலைவர் பல் மருத்துவர். முப்பது வருடம் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனவர். தலைவர் நாற்காலிக்கு வந்த பிறகு யாரும் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. "பன்னிரண்டு முன்னுரிமை போதும்பா. மாசத்துக்கு ஒண்ணு மாதிரி அழகா இருக்கும்" என்றார். ஐந்து வருடத்துக்கு அறுபது மாதம் என்று நான் சொல்லவில்லை.

எல்லாப் பிரிவுகளிலிருந்தும் அறுபத்துமூன்று வேலைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பிரிவே மதிப்பெண் போட்டு அனுப்பும்: ஆபத்துக்குப் பத்து, பயனுக்குப் பத்து, அவசரத்துக்குப் பத்து. நான் கணினியில் ஏற்றிக் கூட்டி வரிசைப்படுத்துவேன். இதில் என் மூளைக்கு வேலையே கிடையாது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அறுபத்துமூன்றில் ஒன்று கால்வாய்மேல் இருந்த நடைபாலம். இந்தப் பக்கம் சந்தை, அந்தப் பக்கம் மருத்துவமனை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே போட்ட இரும்புப் பாலம். அதை அனுப்பியவர் பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். முப்பத்து நாலு வயதுப் பெண். அலுவலகத்தில் எல்லாரும் அவரைச் சுத்தியல் என்போம், கைப்பையில் சின்னச் சுத்தியல் ஒன்று எப்போதும் இருக்கும். எந்தக் கம்பியைக் கண்டாலும் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். எங்கள் மாடிப்படிக் கைப்பிடியைக்கூட விட்டதில்லை.

பாலத்தின் ஆபத்துக்கு அவர் ஒன்பது போட்டிருந்தார்.

"ஏம்மா, பத்துல ஒண்ணைக் குறைச்சிட்டீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"பத்து போட்டா யாரும் நம்ப மாட்டாங்க சார்" என்றார்.

மன்றத்தின் முதல் கூட்டத்தில் என் முன்னுரையை வாசித்தேன். ஒன்பது நாள் உழைத்த முன்னுரை. 'நகரம் என்பது கற்களின் அடுக்கு அல்ல, கனவுகளின் நீரோட்டம்' என்று தொடங்கும். அந்த வரி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். வாசித்து முடித்து நிமிர்ந்தேன். கடைசி வரிசையிலிருந்து சுத்தியல் கையைத் தூக்கினார்.

"நீரோட்டம் சரி சார். முதல்ல கல்லு நிக்குதான்னு பாத்துடலாமா?"

மன்றமே சிரித்தது. வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். அன்று அங்கே இருந்த அத்தனை பேரின் நோயும் என்னிடம் வந்து சேர்ந்தது. தலைவரும் சிரித்தார், கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. நானும் சிரித்தேன். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். அந்தப் பெண் மனதில் எதுவும் வைத்துக்கொண்டு பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "சாரி சார், வாய் சும்மா இருக்காது எனக்கு" என்றார். "அட, இதெல்லாம் ஒரு விஷயமாம்மா" என்றேன்.

மறுநாள் மதியம் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றினேன். பாலத்தின் ஒன்பது ஆறாக விழுந்தது. விழுந்தது என்று சொல்வது சரியில்லை. நான் ஆறு என்று தட்டினேன். ஒன்பதைத் தலைகீழாகப் பார்த்தால் ஆறுதானே. நாளைக்கு யாராவது கேட்டால் கண் தவறிவிட்டது என்று சொல்ல வசதியாக இருக்கும் என்று அந்த நொடியிலேயே தோன்றியது. ஐந்தாக்கியிருந்தால் இந்த வசதி கிடையாது. பழிவாங்குவதிலும் நான் எவ்வளவு கோழை என்று பாருங்கள், ஐயா.

ஒன்பதாக இருந்தால் பாலம் முதலிடம். ஆறானதும் பதினான்கு. பன்னிரண்டாவதாக ரவுண்டானாவில் வண்ண விளக்கு நீரூற்று வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் 'இணைப்பு இரண்டு' என்ற தலைப்பில் பின்னால் போயின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இணைப்பு இரண்டில் மறைக்கலாம்.

புத்தகம் வந்த அன்று சுத்தியல் என் அறைக்கு வந்தார்.

"சார், என் பாலம் எங்க?"

"பதினாலாவது."

"நான் ஒன்பது போட்டேனே."

"எல்லாத்தையும் பரிசீலிச்சுத்தாம்மா வரிசை வந்திருக்கு."

"யாரு பரிசீலிச்சா?"

"எழுதிக் கொடுங்க, பாத்துடலாம்."

எழுதிக் கொடுத்தார். பொருள் என்ன என்று மேலே குறிப்பிடவில்லை என்று திருப்பினேன். இரண்டாவதாகக் கொடுத்தார். கையெழுத்துக்குக் கீழே பதவி இல்லை என்று திருப்பினேன். மூன்றாவதில் குறையே இல்லை. வாங்கிக் கோப்பில் வைத்து 'பரிசீலனையில்' என்று எழுதினேன். பொய் எழுதவில்லை. பரிசீலனையில்தான் இருந்தது, என் மேசையின் இடது பக்கத்தில்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். யாரையும் கேட்காமல் பாலத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, 'ஆபத்து, செல்லாதீர்' என்று பலகை மாட்டிவிட்டார். சந்தைக்காரர்கள் கொதித்தார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு, "யாருப்பா இந்தப் பொண்ணுக்கு அதிகாரம் கொடுத்தது?" என்றார். பலகையை அகற்றும் ஆணையை நான் எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் கையெழுத்து, முத்திரை, கயிறு அவிழ்ப்பு எல்லாம் முடிந்துவிட்டது. என் சர்வீஸில் ஒரு கோப்பும் அந்த வேகத்தில் நகர்ந்ததில்லை. அதே வாரம் அவரைத் தெருவிளக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த ஆணையும் என் கைவண்ணம்தான். 'அன்னாரின் திறமையைப் பரவலாகப் பயன்படுத்தும் பொருட்டு' என்று எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பாலம் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால் மணி. மருத்துவமனைக்குப் போகிற கூட்டமும் சந்தைக்கு வருகிற கூட்டமும் நடுவில் சந்திக்கிற நேரம். நான் அலுவலகத்தில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பதினொரு பேர் இறந்தார்கள்.

அவர்களில் ஒருவர் எங்கள் கீழ்வீட்டு டெய்லர் அக்கா. மருத்துவமனைத் தையலறையில் படுக்கை விரிப்பும் சீருடையும் தைப்பவர். பதினான்கு வருடமாக என் சட்டைகளும் அவர் தைத்ததுதான். என் கழுத்தளவு எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

அன்று மாலைக்குள் தலைவருக்கு ஓர் அறிக்கை வேண்டியிருந்தது. எழுதினேன். 'பொறியியல் பிரிவின் மெத்தனமே இத்துயரத்துக்குக் காரணம்.' அலட்சியம் என்றுதான் முதலில் வந்தது. மெத்தனத்துக்கு ஓசை நன்றாக இருந்தது. மறுநாள் சுத்தியலை இடைநீக்கம் செய்தார்கள். அவர் வீட்டு ஜன்னல்களை ஊர்க்காரர்கள் உடைத்தார்கள். அவருடைய அப்பா வாசலுக்கு வந்து, "என் பொண்ணு எழுதிக் கொடுத்தாப்பா, மூணு தடவை எழுதிக் கொடுத்தா" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆபீஸ் பியூன் வந்து சொன்னார். நான் அந்த மூன்றாவது கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கிழிக்கவில்லை. காகிதத்தைக் கிழித்துப் பழக்கமில்லை எனக்கு.

போன வாரம் விசாரணையில் இதே அறையில் நீங்கள் கேட்டீர்கள், பொறியாளரின் ஆய்வறிக்கையைப் படித்தீர்களா என்று. இல்லை என்றேன். ஒன்பது ஆறானது தட்டச்சுப் பிழை என்றும், பாலம் விழும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றும் சொன்னேன். நீங்களும் கிட்டத்தட்ட நம்பினீர்கள். என் முகம் அப்படி. இந்த முகத்தை வைத்துக்கொண்டு பெரிய தப்பு எதுவும் செய்ய முடியாது என்று எனக்கே ஒரு நம்பிக்கை இருந்தது.

பிறகு என் மனைவி உங்களிடம் வந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. தேவையும் இல்லை. டெய்லர் அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று என்னிடம் கேட்டாள்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு சொன்னீங்களே. அதுக்காக இல்ல."

அவ்வளவுதான் பேசினாள். இரண்டு துணியை எடுத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஆய்வறிக்கையைப் படித்தேன், ஐயா. இரண்டு தடவை. மதிப்பெண்ணை மாற்றிய அன்று மாலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் எடுத்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு சொல் கூடுதலாக இல்லை. பென்சில் அளவுக்குத் தேய்ந்துபோன கம்பியின் படம் ஒன்று, அதன் கீழே 'இது பாலத்தைத் தாங்கும் கம்பி' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு முன்னால் என் ஒன்பது நாள் முன்னுரை நிற்காது என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பாலம் விழும் என்று இந்த ஊரில் அவரைத் தவிர முழுசாக நம்பிய ஒரே ஆள் நான்தான்.

மறுநாள் காலை மனைவியிடம் சொன்னேன். "சர்க்கரை ஏறிக்கிட்டே போகுதே உனக்கு. இனிமே பாலத்துல போகாத. சுத்திப் போ, நடந்த மாதிரியும் ஆச்சு." அவள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் வேலை பார்க்கிறாள். அதுவரை தினமும் டெய்லர் அக்காவும் அவளும் சேர்ந்துதான் பாலத்தில் போவார்கள். அக்காவுக்கு மூட்டுவலி, சுற்றி நடக்க முடியாது. அதனால் அக்கா மட்டும் தனியாகப் போக ஆரம்பித்தார். என் மனைவி நாலு மாதம் சுற்றிப் போனாள். சர்க்கரை நிஜமாகவே குறைந்தது. மருத்துவர் என்னைப் பாராட்டினார்.

ஒருநாள் நல்ல மழை. "இன்னைக்கு மட்டும் பாலத்துலயே போயிடறேங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். அவள் மிரண்டுபோய்ச் சுவரோரம் நின்றாள். கீழ்ப்படியில் குடையை விரித்துக்கொண்டிருந்த டெய்லர் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பாலத்துல ஏதாவது கோளாறா?"

உண்டு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா தையலறையில் சொல்வார், தையலறை மருத்துவமனைக்குச் சொல்லும், மருத்துவமனை ஊருக்குச் சொல்லும். உனக்கெப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். ஒன்பதும் ஆறும் வெளியே வரும். அந்தச் சிரிப்பும் வரும். இவ்வளவையும் நான் அந்தப் படியில் நின்று யோசித்தேன். நிதானமாகவே யோசித்தேன்.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க போங்க" என்றேன்.

அவர் போனார். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆறு வாரம் கழித்துத்தான் விழுந்தது.

ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று முன்பு சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தெரிந்துதான் செய்தேன். அந்தப் பெண்ணின் வேலையைத் திருப்பிக் கொடுங்கள். மூன்றாவது கடிதம் இந்த உறையில் இருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேண்டுகோள். தினமும் மூவாயிரம் பேர் அந்தப் பாலத்தில் போனார்கள் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அந்த மூவாயிரத்தில் ஒருவரை நான் போகவிடாமல் தடுத்தேன். மழையில், கையைப் பிடித்து இழுத்துத் தடுத்தேன். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அவன் யாரையுமே காப்பாற்றவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.