அந்தக் கடலில் இல்லாத நட்சத்திரம்

வீட்டில் மீன் தொட்டி வைப்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன் சார். தீனியைக் குறைத்துப் போடுங்கள். பட்டினியால் சாகிற மீன் குறைவு. பிரியப்பட்டு அள்ளிப் போட்டுச் சாகடிப்பதுதான் அதிகம். கோச்சடையில் வெகு காலமாக அலங்கார மீன் கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

என் மனைவி ஆனிமேரி கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். கடல் நட்சத்திரங்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. எங்கள் மகன் நான்கு வயதில் காய்ச்சலில் போனான். அதன் பிறகு அவள் லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். சோறு ஊட்டினால் மெல்லுவாள். பேசமாட்டாள்.

அந்தச் சமயம் சென்னை வியாபாரி அனுப்பிய பெட்டியில் ஒரு கடல் நட்சத்திரம் வந்தது. ஊதா நிறம், கை நுனிகளில் மட்டும் மஞ்சள். இந்தோனேசியாப் பக்கத்து உயிர், நம் கடலில் கிடையாது என்று அவரே சொன்னார். காற்றாடப் போகலாம் என்று ஆனியை மண்டபம் கடற்கரைப் பக்கம் அழைத்துப் போனேன். அவள் காரைவிட்டு இறங்கி வருவதற்குள் ஒரு பாறை இடுக்கில் அதை விட்டுவிட்டேன்.

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, இது இங்க இருக்கக் கூடாதுங்க."

மாதக்கணக்கில் நான் கேட்காத குரல் சார். திரும்பும் வழியில் மானாமதுரையில் காரை நிறுத்தச் சொல்லி, அவளே கேட்டு இட்லி சாப்பிட்டாள்.

இந்தியக் கடலில் அந்த இனம் முதன்முதலாகக் கிடைத்திருப்பதாகக் கட்டுரை எழுதினாள். பேப்பரில் படம் வந்தது. ஒன்றை வைத்து எப்படி முடிவுக்கு வருவது என்று சிலர் கேட்டார்கள். இரண்டாவதையும் நானே வாங்கிப் போய் வைத்தேன்.

சுபலட்சுமி ஆனியிடம் ஆராய்ச்சி செய்த பெண். டி. கல்லுப்பட்டியில் விவசாயக் குடும்பம். நல்ல பிள்ளை. ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தாள்.

"சார், சென்னை வியாபாரிகிட்ட பேசிட்டேன். ரெண்டும் உங்க கடைக்கு வந்ததுதானாம். மேடம்கிட்ட நீங்களே சொல்லிருங்க. கட்டுரையத் திரும்ப வாங்கிக்கலாம், அம்புட்டுத்தான்."

அவளுக்கு அது அம்புட்டுத்தான். அந்தச் சுவரை அவள் பார்த்ததில்லை.

"மூணாவதா ஒண்ணு பார்த்தேம்மா," என்றேன். "அது நான் வச்சதில்ல."

"நெசமாவா சார்?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மேடம் எழுதுனது உண்மையாயிருமே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துப் போனேன். அந்தக் கரையில் மணல் அள்ளிய பள்ளம் ஒன்று உண்டு. முழங்கால் தண்ணீர், திடீரென்று ஆளை மூழ்கடிக்கும் ஆழம். இரண்டாவதை வைக்கப் போனபோது நானே அதில் விழப் பார்த்தேன். தனக்கு நீச்சல் தெரியாது என்று காரில் வரும்போது அவளாகத்தான் சொன்னாள். சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்தாள். நான் கரையில் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம் போம்மா," என்றேன்.

போனாள்.

நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. செருப்பில் ஏறிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். "சார்" என்று கூப்பிட்டது கேட்டது. சத்தம் அடங்கிய பிறகு கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன். அப்போது நான் அழுதது நடிப்பில்லை.

கல்லுப்பட்டியில் அடக்கம் முடிந்து திரும்பும்போது, ஆனி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டாவது கெடச்சப்பவே எனக்குத் தெரியும்ங்க. அது உங்க வேலைன்னு. ஆனா பிள்ளை போனதுக்கப்புறம் அப்பதான் நீங்க மறுபடி சிரிக்க ஆரம்பிச்சிருந்தீங்க. கேக்க வாய் வரல. உங்க மனசு நோகாமப் பேசிட்டு வான்னு சுபாவை நான்தான் அனுப்புனேன்."

நான் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் மனசில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். சுபலட்சுமி தவறி விழவில்லை. பள்ளம் இருப்பது தெரிந்தே நான்தான் அவளை அனுப்பிக் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி சார். ஆனி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். விபத்துக்கு நான் சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் மட்டும் கால் தவறியது என்றே சொல்லிவிடுங்கள். இப்போதுதான் கொஞ்சம் தேறி வந்திருக்கிறாள்.