மெக்சிகோவும் மாடி ரூம் ஆம்லெட்டும்

...அதுக்காக ரூமையே விட்டுட்டுப் போவாளாங்க ஒருத்தி? நீங்களே சொல்லுங்க! உக்காருங்க, அந்தக் கட்டில்தான் உங்களுக்கு. நேத்து வரைக்கும் பத்மாஸினி படுத்திருந்தது. மேலுகோட்டேக்காரி, முட்டைன்னு சொன்னாலே கை கழுவுவா. நானு ஹனூர்க்காரி, முட்டை இல்லாம எனக்குப் படிப்பே ஏறாது. ஆனாலும் ரெண்டு வருஷம் சண்டையே இல்லீங்க... சரி, வாதம் உண்டு. வாதம் வேற, சண்டை வேற, இல்லீங்களா?

இந்த வீட்டு ஓனர் சக்ரபாணி சார் இருக்காரே, ஒண்டியாளுக்கு ரூம் கிடையாதுங்கறாரு. நாளைக்குள்ள இன்னொரு ஆள் வரலேன்னா நானும் காலி பண்ணணுமாம். எம்.ஏ. ஆய்வுக் கட்டுரையை எங்க உக்காந்து எழுதறது, மண்டி மொஹல்லா ஆட்டோ ஸ்டாண்டுலயா?

என் தலைப்பைக் கேட்டா உங்களுக்கே ரத்தம் கொதிக்கும். ஸ்பெயின்காரன் ஆண்ட மெக்சிகோ. கப்பல்ல சோறில்லேன்னு கரையில எறக்கி விட்ட இங்கிலீஷ் மாலுமிங்களை, சில வருஷம் கழிச்சு சர்ச் கோர்ட்டு புடிச்சு உள்ள போடுது. இவனுங்க லூத்தர் கட்சி, கத்தோலிக்க மதத்துக்கு ஆகாதவனுங்கன்னு! வெள்ளிக்கிழமை கறி தின்னியா, பாதிரிகிட்டப் போகாம நேரா சாமிகிட்டயே பாவத்தைச் சொன்னாப் போதும்னியா... ஆனா குத்தம் இன்னதுன்னு சொல்ல மாட்டாங்க! போட்டுக் கொடுத்தது யாருன்னும் சொல்ல மாட்டாங்க! "உன்னை ஏன் கூப்பிட்டோம் தெரியுமா? யோசிச்சு நீயே சொல்லு." அநியாயமில்ல? செமினார்ல மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினேன், தொண்டையே கட்டிப் போச்சு.

அன்னைக்கு சாயங்காலம்தான் ஓனர் வந்து, "மாடியில முட்டை நடக்குதாம்மா?"ன்னாரு. யாரு சொல்லியிருப்பா? பத்மாஸினிதான்! உக்கார வெச்சேன். "ஏன் கூப்பிட்டேன் தெரியுமா?"ன்னேன். தெரியலேன்னா. "யோசி"ன்னேன். நாள் கணக்கா இதே பாட்டுங்க. பாவம், ஒவ்வொண்ணா ஒத்துக்கிட்டா. என் ஷாம்புவை எடுத்தது, என் செமினார்ல தூங்கினது, நான் ஒரு வாயாடின்னு அவங்கம்மாகிட்ட சொன்னது... முட்டையை மட்டும் சொல்லவே இல்லை! நேத்து அழுதுக்கிட்டே பொட்டி கட்டிட்டா.

அப்புறமா ஓனரைக் கேட்டா, "யாரும் சொல்லலம்மா, நீ ஜன்னலைத் திறந்து வெச்சு ஆம்லெட் போட்டா என் பூஜை ரூமுக்குத்தானே வாசம் வருது"ங்கறாரு! அந்த ஜன்னலைத் திறந்தது யாரு? நாந்தான். பத்மாஸினிக்கு வாசம் ஆகாதேன்னு, நல்ல மனசுல!

மெக்சிகோ கோர்ட்டுல ஒரு ஜட்ஜ் நாற்காலி காலியா இருந்திருந்தா, என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருப்பாங்க.

இனிமே அந்தப் புத்தி இல்லீங்க. எல்லாம் வெளிப்படை. நேரா கேக்கறேன், நேரா சொல்லுங்க. முட்டை ஆகுமா? சாமி கும்பிடுவீங்களா? கும்பிட்டா ஏன்? வாதத்துல தோத்தா ஒத்துக்குவீங்களா? அட, ஃபேன் ஓடும்போது எதுக்கு வேர்க்குது உங்களுக்கு? பையை ஏன் எடுக்கறீங்க? அது பாத்ரூம் கதவுங்க, வெளிய போற வழி இந்தப் பக்கம்... இருங்க! என்ன தப்புன்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்! சொல்லாம போனா, நான் எதுக்குன்னுங்க பதில் பேசறது?