போய்ச் சேர்ந்துட்டாரு!

தம்பி, அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைங்க... ஆங். ஒரு சின்னக் கதை சொல்றேன், முதல்ல சிரிச்சுக்குங்க, அப்புறம் யோசிங்க.

மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. மூச்சிரைப்புக்குப் புதுசா ஒரு மாத்திரை. கொடுத்துச் சோதிச்சுப் பாக்குறாங்க. நோய் யாருக்கு எப்படிப் போகுதுன்னு பாக்க ஒரு சாஃப்ட்வேர். அதுல நாலு கட்டம். லேசு, நடுத்தரம், கடுமை... நாலாவது? ஆமாங்க, அதேதான். மரணம்! முதல் மூணுல முன்ன பின்ன போகலாம், வரலாம். நாலாவதுல விழுந்தா விழுந்ததுதான். எமலோகத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் உண்டா?

சிங்காரவேலுன்னு ஒருத்தர். கடுமையில இருந்து லேசுக்கு வந்தவர். முன்னெல்லாம் நாலு எட்டு வச்சா நெஞ்சைப் பிடிப்பார். இப்ப மூச்சு விடாம பொண்டாட்டியோட சண்டை போடுறார்னா பாத்துக்குங்க!

ஒருநாள் பெனிட்டான்னு ஒரு ஆஸ்பத்திரிப் பொண்ணு விசாரிக்க போன் பண்ணுது. எடுத்தது அவர் மனைவி கோமளம்.

"அம்மா, ஐயா எப்படி இருக்காங்க?"

"அவரா? காலையிலயே போய்ச் சேர்ந்துட்டாரும்மா."

அவர் போய்ச் சேர்ந்தது காரைக்குடிக்கு... தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்கு! அது இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?

"ஐயோ... ரொம்ப கஷ்டப்பட்டாங்களா?"

"ஒரு கஷ்டமும் இல்ல. தூங்கிக்கிட்டே போயிட்டாரு."

"நீங்க... தைரியமா இருக்கீங்களாம்மா?"

"எனக்கென்ன? இப்பத்தான் வீடே நிம்மதியா இருக்கு!"

பெனிட்டா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நாலாவது கட்டத்தை அமுக்கிருச்சு.

அடுத்த வாரம் மாத்திரை வாங்க வந்து நிக்கிறார் மனுஷன். மாத்திரை கொடுக்கிற பையன் கம்ப்யூட்டரைப் பாத்துட்டுச் சொல்றான்.

"சார், நீங்க இறந்துட்டீங்க."

"எப்ப?"

"போன ஞாயித்துக்கிழமை."

"அன்னிக்குப் பந்தியில ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சேனேய்யா!"

"குடிச்சிருக்கலாம் சார். மரணத்துக்கு அப்புறம் மாத்திரை கொடுக்க இதுல வழியில்ல."

சிரிக்கிறீங்க... அவருக்குச் சிரிப்பு வரலீங்க. மாத்திரை நின்னா பழையபடி மூச்சு முட்டும். "அப்ப நெஜமாவே சாகணுமாய்யா?"ன்னார்.

கூட வந்த கோமளம் விடுவாங்களா? நேரா பெனிட்டாகிட்ட போனாங்க. "ஏம்மா, போய்ச் சேர்ந்துட்டாருன்னா, எங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

சத்தம் கேட்டு பெரிய டாக்டர் வந்தார். பெனிட்டா அழுவுது. "செத்தவரை எப்படி சார் திரும்பக் கொண்டு வர்றது? சாஃப்ட்வேர் விடாதே!"

டாக்டர் சொன்னார்: "அவரை யாரும்மா உயிர்ப்பிக்கச் சொன்னா? நாம போட்டது தப்பு. நம்ம தப்பைத் திருத்து, போதும்."

தப்பாப் போட்ட அந்தப் பதிவையே அழிச்சுத் திருத்தினாங்க. மாத்திரை வந்துச்சு.

ஏன் சொல்றேன்? "அண்ணனா? என்னைப் பொறுத்தவரைக்கும் அவன் செத்துட்டான்"னு சொன்னவங்க இங்க எத்தனை பேர்? கையைத் தூக்க வேணாம்... பக்கத்துல சம்பந்தி உட்கார்ந்திருப்பாங்க! அந்த அண்ணன் சாகலீங்க. எங்கயோ உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். யாரோ சொன்ன அரை வார்த்தையைக் கேட்டு நீங்கதான் அமுக்கிட்டீங்க. அவரை நீங்க மாத்த வேணாம். நீங்க அமுக்கினதை நீங்களே அழிங்க. இன்னைக்கே ஒரு போன் போடுங்க...

அவர் நெஜமாவே போய்ச் சேர்றதுக்குள்ள போடுங்க!