தகரத்துக்கு அந்தப் பக்கம்

ஹலோ… ஹலோ, பிரிஸில்லா? நான்தான், பாமா. பக்கத்தாத்து பாமா… வச்சுடாதீங்கோ, ப்ளீஸ், வச்சுடாதீங்கோ. ஒரே ஒரு நிமிஷம்…

ஆமாம்… ஆமாம், நேர்ல வந்திருக்கலாம். வந்தேனே. கார்த்தால உங்க கேட் வரைக்கும் வந்தேன், பெல்லு மேல கையும் வச்சேன், திரும்பிப் போயிட்டேன். நீங்க சர்ச்சுக்குக் கிளம்பிண்டிருப்பேள்னு… இல்ல, அதெல்லாம் சும்மா. தைரியம் வரல. அதான் விஷயம்.

ஓஸ்வால்ட் சார் இருக்காரா?… தூங்கறாரா? பிரிஸில்லா, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பொய் சொல்லாதீங்கோ. உங்க பின்னாடி நின்னுண்டு இருமறார், எனக்குக் கேக்கறது… அவர் எங்கிட்ட பேச வேண்டாம். ஃபோனைக் காதுல வச்சா போறும். ஜாமூன் விஷயம்னு சொல்லுங்கோ…

ம்… சார்? நீங்கதானா? மூச்சு விடற சத்தம் மட்டும் வரது… சரி, பேசாதீங்கோ. நானே பேசறேன். எனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல, உங்களுக்கே தெரியும்.

சார்… ஜாமூனை இன்னிக்கு அனுப்பிடறோம்.

…

ம்… ஆமாம்… இல்ல, யாருக்கும் குடுக்கல சார். எங்க குடுப்பேன் அவனை? நாய் டாக்டர் சாயங்காலம் ஆத்துக்கே வரார். ஊசி போட… ஆமாம்… ஆமாம் சார், இன்னிக்கேதான்.

கிட்னி முடிஞ்சு போச்சு. ரெண்டுமே. தண்ணி குடிச்சாக்கூட அப்படியே வெளில வந்துடறது. வாயெல்லாம் புண்ணு… கிட்ட போனா ஒரு வாடை, மருந்து வாடையும் இல்ல, வேற மாதிரி. நேத்திலேர்ந்து எழுந்தே நிக்கல. முதுகெலும்பை எண்ணலாம் சார், நீங்க பாத்தா அடையாளமே தெரியாது உங்களுக்கு…

டயாலிஸிஸ் கேட்டோம், கேட்காம இருப்போமா? இந்த நிலைமையில அது அவனுக்காகப் பண்றது இல்ல, உங்களுக்காகப் பண்ணிக்கறதுன்னார். ஹெப்பால் வெட்னரி ஆஸ்பத்திரிக்கும் தூக்கிண்டு போயாச்சு. அங்கயும் அதான் சொன்னா…

என்ன?… பாவமா? பாவமா இல்லையான்னு நீங்க உங்க ஃபாதரைக் கேளுங்கோ, நான் எங்க பெருமாளைக் கேட்டுக்கறேன். ராத்திரியெல்லாம் அவன் முனகறதைக் கேட்டுண்டு உக்காந்திருக்கறது நான்தான். ஃபாதரும் வரல, பெருமாளும் வரல…

சாரி. சாரி சார். கத்த மாட்டேன்னு வெங்கிக்கு வாக்கு குடுத்துட்டுத்தான் ஃபோனையே எடுத்தேன்.

இருங்கோ. நான் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. நேத்து டாக்டர் பாத்துட்டு, ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில வச்சுண்டு, "இன்மேல் டயட் கியட் ஏனும் பேடா மேடம், அவ்னிகே ஏன் இஷ்டானோ அது கொடி"ன்னார். இனிமே பத்தியம் எதுவும் வேண்டாம், அவனுக்கு எது பிடிக்குமோ அதைக் குடுங்கோன்னு. ஏழு மாசமா நான் அந்த வார்த்தைக்குத்தான் தவம் கிடந்தேன் சார். உப்பு கூடாது, பால் கூடாது, முட்டையில மஞ்சக் கரு கூடாது, எலும்பு கூடவே கூடாது, பாஸ்பரஸ் ஏறிடும்… அந்தப் பாக்கெட் சாப்பாட்டை முன்னாடி வச்சா அவன் என்னை ஒரு பார்வை பாப்பான், நீயே தின்னு பாருன்னு. என்னிக்காவது டாக்டர் "சரி, குடுங்கோ"ன்னு சொல்ல மாட்டாரான்னு இருந்தது. நேத்து சொல்லிட்டார். என்ன அர்த்தத்துல சொல்றார்னு புரியாதா எனக்கு?

அவனுக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்… ஆமாம். அதேதான். ஞாயித்துக்கிழமை நல்லி எலும்பு.

என்ன?… என்ன காலம்?… தவக்காலமா! ஐயோ… ஆமாம், ஆமாம், நீங்க ரெண்டு பேரும் நெத்தியில சாம்பலோட வந்தேளே, மாடியிலேர்ந்து பாத்தேன். மறந்தே போச்சு சார். ஈஸ்டர் வரைக்கும் உங்காத்துல கறியே கிடையாது இல்ல… ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை… இல்ல சார். அது வரைக்கும் அவன் இருக்க மாட்டான்.

இருங்கோ, இருங்கோ, கேளுங்கோ. உங்களைக் கறி கேக்கல நான். கறி இருக்கு… எங்காத்துல… ஆமாம் சார், எங்காத்துலதான். நானேதான் வாங்கிண்டு வந்தேன்… சிரிக்காதீங்கோ… சரி, சிரிங்கோ. ஏழு மாசம் கழிச்சு உங்க சிரிப்பு கேக்கறது, பரவால்ல.

மார்க்கெட்டுக்குத்தான் போனேன். மூக்கைப் பொத்திண்டு நின்னேன். கடைக்காரன், "கியா ஹோனா மேடம், கறியா, கீமாவா"ங்கறான், என்ன வேணுமாம். நாய்க்குன்னேன். உடனே கீழ கிடந்த எதையோ அள்ளினான் பாருங்கோ, எனக்கு வந்ததே கோவம்! மனுஷாளுக்குக் குடுக்கறதையே குடுய்யான்னேன். எதுன்னு கேட்டான். நல்லின்னேன். அந்த வார்த்தை எனக்கு எப்படித் தெரியும்? நீங்க இத்தனை வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து "டேய் ஜாமூன், நல்லி வந்திருக்கு டா"ன்னு கத்தறதைக் கேட்டுக் கேட்டுத்தான்…

உள்ளயா? சமையக்கட்டுல எப்படி வெக்கறது? யுடிலிட்டியில, வாஷிங் மெஷின் பக்கத்துல இண்டக்‌ஷன் அடுப்பை வச்சு, பழைய குக்கர்ல… வெங்கி ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி வச்சுண்டு ஹால்ல உக்காந்திருக்கார். பொண்டாட்டி ஆத்துல கறி வேக வெக்கறாளேன்னு ஒரு வார்த்தை சொல்லல, பாவம்… பிரிஸில்லா என்ன கேக்கறா? எத்தனை விசிலா? ஆறு விட்டேன்னு சொல்லுங்கோ… போறுமா? சரி… உப்பா? போடல. கை தானா நின்னுடுத்து. பழக்கம்.

வெந்தாச்சு. ஆறவும் வச்சாச்சு. கிண்ணத்துல போட்டுக் கொண்டு போய் அவன்கிட்ட நீட்டினேன் சார்…

…

இல்ல, இருக்கேன்… இருக்கேன். ஒண்ணுமில்ல.

வாங்கிக்கல. என் கையைப் பாத்ததும் தோளைச் சுருக்கிண்டுட்டான். ஏழு மாசமா இந்தக் கையாலதானே சார் மாத்திரை. தாடையைப் பிடிச்சுத் திறந்து, தொண்டைக்குள்ள தள்ளி, வாயை மூடிப் பிடிச்சு. இந்தக் கையாலதான் ஊசி. தினம் முதுகுத் தோலைத் தூக்கிப் பிடிச்சு, ஊசியைக் குத்தி, சலைன் ஏத்தினேன். ஒட்டகம் மாதிரி அங்க ஒரு மேடு கட்டிக்கும், அதோட போய் மூலையில படுத்துப்பான். நான் அவனைக் காப்பாத்தறேன்னு எனக்குத் தெரியும். அவனுக்கு யார் சொல்றது? இப்ப எலும்பை நீட்டினாலும் அதுக்குள்ள ஏதோ ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைக்கறான். மோந்து பாத்தான். என்னைப் பாத்தான். அப்புறம் தகரத்தைப் பாத்தான்.

ஆமாம் சார். அங்கதான் கிடக்கான். சுவர் இடிஞ்ச இடத்துல, நாங்க தகரம் அடிச்சோமே, அதை ஒட்டினாப்பல. உள்ள தூக்கிண்டு போனா அழறான். போர்வையை அங்கயே போட்டுட்டேன்.

வாங்கோ சார். உங்க கையால குடுங்கோ. கூடாததை எல்லாம் குடுத்த கை உங்களுது, அது மேல அவனுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

…

ஆமாம்… ஆமாம், சொன்னேன். விஷம் வெக்கறேள்னு சொன்னேன். உங்க சம்பந்தி எல்லாம் உக்காந்திருக்கச்சே சொன்னேன், நான் இல்லைங்கலையே. நீங்க குடுத்ததும் சரின்னு ஆயிடாது, அன்னிக்கு அவனுக்கு எலும்பு கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். ஆனா அதனால வந்ததில்ல இது. அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுடுத்தாம். யார் மேலயாவது கோவப்படணும் போல இருந்தது சார். கிட்னி மேல கோவப்பட முடியுமா? நீங்களும் திருப்பித் திட்டியிருக்கணும். வாயைத் திறக்காம உள்ள போயிட்டேள். அடுத்த நாள் வெங்கியை விட்டு அந்த இடத்தைத் தகரத்தால அடைச்சேன்.

ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம வந்தேளே!… சும்மா சொல்லாதீங்கோ, எனக்குத் தெரியாதா? சர்ச்சுலேர்ந்து வந்து, ஷூவைக்கூடக் கழட்டாம, தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்னுண்டு குசுகுசுன்னு அவன்கிட்ட பேசுவேள். அவன் கீழ இடுக்குல மூக்கை வச்சுண்டு படுத்திருப்பான். நான் துணி உலத்தற மாதிரி நின்னு கேட்டுண்டிருப்பேன்… ஆமாம். ஒட்டுக்கேட்டேன். என்ன பண்ணச் சொல்றேள்?

வரேளா?… கேட் வழியா வேண்டாம் சார். அந்தப் பக்கமே வாங்கோ, பின்னாடி. அவன் அங்கதானே பாத்துண்டிருக்கான்… நான் தகரத்தை எடுத்துடறேன். பிளையரைத் தேடி வச்சுட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன்… வெங்கியா? அவரால முடியாது, அவர் காலைலேர்ந்து அழுதுண்டிருக்கார். இருங்கோ, ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுத் துவைக்கற கல்லு மேல வெக்கறேன். பேசிண்டே வாங்கோ.

ஆங்… கேக்கறது, கேக்கறது… இந்தக் கம்பியை யார் இப்படி முறுக்கினா! வெங்கிதான். ஒரு ஆணி அடிக்கத் தெரியாது, இதுல மட்டும் என்ன பலம்… ஒண்ணு விட்டுடுத்து… வந்துட்டேளா? உங்க செருப்புச் சத்தம்… சார், அவன் காது! காது தூக்கிடுத்து சார்! இல்ல, உங்க குரலுக்கு… அங்கேர்ந்து பேசுங்கோ, பேசுங்கோ, நிறுத்தாதீங்கோ… ரெண்டாவதும்… தள்ளிக்கோங்கோ, விழறது, தள்ளிக்கோங்கோ…

…

ம்.

நமஸ்காரம் சார்… நீங்களும்தான். நரைச்சுப் போயிட்டேள்.

…அழாதீங்கோ. நீங்க அழுதா அவன் பயந்துப்பான். அவன் அப்படித்தான் சார் ஆயிட்டான். நான்தான் முன்னாடியே சொன்னேனே… இந்தாங்கோ, பிடிங்கோ கிண்ணத்தை. ரெண்டு கையாலயும். அவனால கடிக்க முடியாது, வாய் புண்ணு. மஜ்ஜையை மட்டும் தட்டி எடுங்கோ… பிரிஸில்லா தட்டு கொண்டு வராளா? நீல விளிம்பு தட்டா? அதேதான், அந்தத் தட்டுதான் அவனுக்குத் தெரியும்.

தட்டுங்கோ.

…

எழுந்துக்கறான். சார், எழுந்துக்கறான்… தூக்கட்டுமா?… சரி, தொடல. நான் தொடல. டேய் கண்ணா, மெதுவா. மெதுவா டா. நேத்திலேர்ந்து நிக்காதவன் சார் இவன், பிரிஸில்லா நீங்களே பாருங்கோ, பின்னங்கால் எப்படி நடுங்கறது… விழுந்துட்டான். இல்ல. தவழ்ந்தே வரான். விடுங்கோ, வரட்டும், அவனே வரட்டும்… இன்னும் தட்டுங்கோ சார், ஏன் நிறுத்திட்டேள்?

நக்கறான்.

முழுங்கிட்டான்! இன்னும் கொஞ்சம்… போறும்னா அவனே சொல்லுவான், குடுங்கோ. இத்தனை வருஷம் இவன் சாப்பிடறச்சே நான் பாத்ததே இல்ல, தெரியுமா? அந்தப் பக்கம் திரும்பிண்டுடுவேன், வாடை வரும்னு. இப்படியா கண்ணை மூடிண்டு சாப்பிடுவான்? இத்தனை வருஷமும் இப்படித்தானா சார்?…

சரி… போறுமாம். முகத்தைத் திருப்பிண்டுட்டான். வாலைப் பாருங்கோ.

இல்ல, நான் கிட்ட வரல. இங்கயே நிக்கறேன். ஒரு கையில ஃபோன் இருக்கு, கல்லு மேலேர்ந்து எடுத்தவ அணைக்கவே மறந்துட்டேன். இன்னொரு கையைப் புடவைக்குள்ள ஒளிச்சு வச்சுண்டிருக்கேன், அவன் கண்ணுல பட வேண்டாம்னு… என்ன சார்? எங்க?… ஐயோ. திரும்பி வரான். என்கிட்டயா வரான்?… அசையல. நான் அசையல…

என் பாதத்து மேல தலையை வச்சுண்டுட்டான். கால் ஒண்ணும் பண்ணலையே அவனுக்கு. காலை நம்பறான்.

…

மணி அடிக்கறது… டாக்டராத்தான் இருக்கும். வெங்கி திறப்பார்… போகாதீங்கோ சார். அங்கயே நில்லுங்கோ. பிரிஸில்லா, நீங்களும். அவர் ஊசியை எடுக்கறச்சே நீங்க அவனோட பேசிண்டே இருங்கோ, ஞாயித்துக்கிழமை பேசுவேளே, அதே மாதிரி. என்ன பேசுவேளோ, அதையே… எனக்கு முழுக்கக் கேட்டதே இல்ல. தகரம் இருந்துதே.

இந்த ஃபோனை வச்சுடறேன். இதைப் பிடிச்சுண்டிருந்தா இந்தக் கையையும் ஒளிச்சு வெக்க முடியல சார்… வச்சுடறேன். நீங்க பேசறது இங்கயே கேக்கறது.