நாலாவது கண்ணாடி

— இன்னொரு கண்ணாடியா? ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு இருக்கு. போன மாசம் உள்ள வேற அகலக் கண்ணாடி மாட்டிவிட்டேன். கல்யாணப் பொண்ணுக்குக் கூட இத்தன கண்ணாடி வேண்டாம் அண்ணாச்சி.

— சோலியப் பாரு எப்ரான். இடது பக்கம், பானட்டு முனையில வைக்கணும். உருண்டக் கண்ணாடி. லாரியில இருக்கும்லா, அந்த மாதிரி.

— லாரி ஓட்டுனது போதும்னுதான இந்த டீசல் கார வாங்குனிய?

— முப்பது வருசம் வடக்க லாரி கொண்டு போனவன் நான். எந்தக் கண்ணாடி எங்கன வேணும்னு நீ எனக்குச் சொல்லாண்டாம்.

— கோவப்படாதிய. பைய உக்காருங்க. வந்ததுலேருந்து அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்கிய. மைனி எங்க? காலைல ரெண்டு பேருமாத்தான டவுணுக்கு வாழ எல கொண்டு போவிய.

— கடைக்கெல்லாம் எலயப் போட்டாச்சி. திரும்பி வரும்போது வாய்க்கா பாலத்துல எறங்கிட்டா. வெத்தல வாங்கணுமாம். அவ வாரதுக்குள்ள மாட்டிரு. மேக்க மல இருட்டிக்கிட்டு நிக்கி. மழைக்கு முந்தி வீரவநல்லூர் போயி நாளைக்கி வேண்டிய எலய அறுக்கணும்.

— மாட்டிரலாம். அதுக்கு முந்தி இஞ்சின் சங்கதியக் கேக்கணும். காலைல சட்டுனு எடுக்கா?

— ரெண்டு மூணு வாட்டி சாவியத் திருக்கணும். பொறவு வெள்ளப் பொகையாக் கக்கிட்டு நிக்கும்.

— நாலு ஹீட்டர் பிளக்குல ஒண்ணு செத்திருக்கும். மழக்குளிருல்லா, அதான் இப்பந் தெரியுது. மாத்துதேன். டீசல் பில்டரையும் மாத்திருவோம். கேளுங்க அண்ணாச்சி, இருவத்திரெண்டு வருசத்து வண்டி. பின் சீட்டக் கழத்திப் போட்டுட்டு எலக்கட்டா அடுக்குதிய. தெனம் போக வர அறுவது கிலோமீட்டர் ஓடுது. இம்புட்டுக்கும் இஞ்சினு கல்லு மாதிரி இருக்கு. அது எங்கிட்ட கேக்குததெல்லாம் ஆயிலும் பில்டரும்தான். நீங்கதான் வேற என்னெல்லாமோ கேக்குதிய.

— என்னத்தக் கேட்டுட்டேன்?

— சொல்லவா? பங்குனியில ஹெட்லைட்டு மங்கலா இருக்குன்னிய, மாத்துனேன். பொறவு முன் பம்பர் ரெண்டு முனையிலயும் கம்பி நட்டச் சொன்னிய, நுனியில செவப்புக் குண்டு வச்சி. வண்டி எங்கன முடியுதுன்னு தெரியணுமாம். முப்பது வருசம் லாரி ஓட்டுனவருக்கு. சரின்னு நட்டுனேன். அதுக்கடுத்தால டிரைவர் சீட்ட நாலு விரக்கட ஒசத்தி முன்னுக்குத் தள்ளச் சொன்னிய. உங்க ஒசரத்துக்குத் தல கூரையில இடிக்கும், முட்டு ஸ்டேரிங்குல இடிக்கும்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன்.

— மேல உக்காந்தா ரோடு நல்லாத் தெரியும்.

— ம்.

— என்ன ம்?

— ரோடு தெரியலியா அண்ணாச்சி?

— என்னலே கேக்க?

— இப்ப உள்ள வரும்போது வாசல்ல நின்ன தண்ணி டிரம்ம இடிச்சித் தள்ளிட்டு வந்திய. நீல டிரம்மு, என் நெஞ்சு ஒசரம் இருக்கும். இடிச்சதக் கூட விடுங்க. எறங்கி வந்து, என்னலே சத்தம்னு எங்கிட்டயே கேட்டிய.

— நெனப்பு வேற எங்கயோ இருந்திச்சி. புது டிரம்மு வாங்கித் தாரேன்.

— டிரம்ம யாரு கேட்டா? இந்தா, இப்பிடி நில்லுங்க. என் மூக்கப் பாருங்க. மூக்க மட்டும் பாக்கணும், திரும்பப்பிடாது. பக்கத்துல எத்தன வெரலு நீட்டிருக்கேன்?

— வெளையாடாத. மழ வரப் போகுது.

— எத்தன வெரலு அண்ணாச்சி?

— ரெண்டு.

— நான் கையவே நீட்டல.

— சாவியக் குடு. நான் வேற மெக்கானிக் செட்டுக்குப் போறேன்.

— சாவி எம் பையிலயே கெடக்கட்டும். எத்தன நாளா இப்பிடி?

— எப்ரான், சாவிய எடு.

— எத்தன நாளான்னு கேக்கேன்.

— போன வருசம் தசராவுக்கு முந்தியே தொடங்கிட்டுது. பாளையங்கோட்டையில கண் டாக்டர்ட்ட காட்டியாச்சி. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிட்டுதாம். போன பார்வ போனதுதானாம். மிச்சத்தக் காப்பாத்த வேள தவறாம மருந்து விடணுமாம், விடுதேன். நேராப் பாத்தா எல்லாந் தெரியுதுலே. அன்னா, அந்தக் காலண்டர்ல தேதி தெரியுது. பக்கவாட்டுலதான் ஒண்ணுமில்ல. கொழாய் வழியாப் பாக்க மாதிரி.

— கொழாய் வழியாப் பாத்துக்கிட்டா அறுவது கிலோமீட்டர் ஓட்டுதிய? பஸ்ஸும் டிராக்டரும் ஆடும் மாடுமா வார ரோட்டுல?

— இதுவரைக்கும் ஒரு கோழிக்குஞ்சு மேல கூட ஏறல.

— ஏறல. அது கர்த்தரோட கிருப. சைக்கிள்ல போற புள்ள பக்கவாட்டுலதான் வரும் அண்ணாச்சி. எம் மவளும் இந்த ரோட்டுலதான் பள்ளிக்கூடம் போறா.

— தெரியும்லே.

— தெரிஞ்சுமா?

— நீ நெனைக்க மாதிரி இல்ல.

— பின்ன எந்த மாதிரி? சொல்லுங்க, கேக்கேன்.

— சொல்லதுக்கு ஒண்ணுமில்ல. கண்ணாடிய மாட்டு.

— மாட்ட மாட்டேன். எட்டு மாசமா நீங்க கேட்டதெல்லாம் எதுக்குன்னு கேக்காம மாட்டிக் குடுத்திருக்கேன். நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா நானுந்தான கூட்டு? மைனிக்குத் தெரியுமா இது?

— அவள இதுல இழுக்காத.

— யார இழுக்காக? பாலத்துலேருந்து வாரேன், ரோடு வரைக்கும் உங்க சத்தம் கேக்கு. என்ன தம்பி, டிரம்மு ஒடஞ்சி தண்ணியா ஓடுது?

— வாங்க மைனி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

— அதுக்கென்ன, கேளுங்க.

— ஏட்டி முத்துராணி, நீ பேசாத. வா, போவோம்.

— இருங்க. தம்பி கேக்கட்டும்.

— அண்ணாச்சிக்குப் பக்கவாட்டுப் பார்வ போயிட்டுது. உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சிக்கிட்டா தெனமும் அந்த வண்டியில போறிய?

— ஆமா தம்பி.

— எப்பிடி மைனி?

— நான் பாத்துச் சொல்லுவேன். பஸ்ஸு வருது, மாடு நிக்கி, ரோடு பிரியுத வெலக்கு வந்துட்டுன்னு. அத வச்சி அவுக ஓட்டுவாக.

— நீங்க சொல்லி, அது அவுக காதுல விழுந்து, பிரேக்க மிதிக்கதுக்குள்ள ஒரு உசுரு போயிருமே. ஒரு நா டவுணுக்குப் போகலன்னா எலதான் வாடும். ஒரு புள்ள அடிபட்டா?

— நீங்க சொல்லது சரிதான்.

— சரின்னா ஏன் தடுக்கல? வாயில்லியா உங்களுக்கு?

— தப்புதான். என் மேலதான் தப்பு. அவுகள ஒண்ணுஞ் சொல்லாதிய. அவுக வேண்டாம்னுதான் சொன்னாக. நான்தான் வண்டிய எடுங்கன்னு நச்சரிச்சேன்.

— எப்ரான், போதும்.

— போதாது அண்ணாச்சி. கண்ணு போன மனுசன் ஆசையில எதையுஞ் செய்வான். கண்ணு நல்லா இருக்கவுக பக்கத்துல உக்காந்துக்கிட்டு வேடிக்க பாத்திருக்காக. எனக்கு மனசு ஆறல. மைனி, நீங்க எங்க ஊர்க் கல்யாணத்துல பந்திக்குப் பந்தி ஓடி எல போட்டத நான் பாத்திருக்கேன். எம்புட்டு நல்ல பொம்பளன்னு எம் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கேன். இப்பிடிக் கல் நெஞ்சா இருப்பியன்னு நெனைக்கல.

— அதுக்கென்ன தம்பி, சொல்லுங்க. சொல்ல வேண்டியதுதான. என்னங்க, நீங்க செத்த உக்காருங்க.

— நான் உக்காரல.

— சரி, நில்லுங்க. தம்பி, வண்டி இங்கனயே கெடக்கட்டும். நாங்க பஸ்ஸுல போயிருதோம். நாளைக்கி யாராவது டிரைவரக் கூட்டிட்டு வந்து எடுத்துக்கிடுதேன்.

— அதச் செய்யுங்க. டிரைவர் வந்தா அவன் கையில சாவியக் குடுப்பேன். உங்க ரெண்டு பேர்லயும் ஒருத்தருக்குங் குடுக்க மாட்டேன். ஏசாதிய.

— நான் எதுக்கு ஏச? வாங்க, போவோம். தூத்தல் போடுது, தலையில துண்டப் போடுங்க.

— ஏட்டி.

— வாங்கன்னா.

— இன்னும் எத்தன பேச்சு வாங்குவ நீ?

— வாங்குனா தேஞ்சா போயிருவேன்? பேசாம வாங்க. பஸ்ஸு போயிரும்.

— கைய விடு. எப்ரான், நீ இங்க வா. எனக்கு நேர வந்து நில்லு.

— நிக்கேன். சொல்லுங்க அண்ணாச்சி.

— இவளுக்கு வாயும் இருக்கு, நெஞ்சும் இருக்கு. பயித்தியக்காரி, எனக்காவப் பொய் சொல்லுதா.

— வேண்டாங்க. சொல்லாதிய.

— சும்மா இருட்டி. லே, நீ பாக்கணுமேன்னு அந்தப் பாலத்துலேருந்து இங்கன வரைக்கும் நான் உருட்டிட்டு வருவேன், அது என் வீம்பு. மத்த தூரம் பூராவும் எட்டு மாசமா ஓட்டுதது இவதான், லைசென்சும் இவ பையில இருக்கு, சாவிய இவ கையில குடு.